பாதி வாசலில் மாட்டிய பெரிய வண்டி

உ
சிவமயம்

கானாடுகாத்தான்
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் சொக்குவுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை விசாலியும் நல்ல சுகம். உன்னைப் பெற்ற அப்பச்சிக்கு முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, கௌரவத்தில் கொஞ்சம் சிராய்ப்பு, முழங்கைக்கு மஞ்சள் போட்டிருக்கிறேன், மற்றது தானாக ஆறிவிடும். அங்கே ஹூஸ்டனில் நீயும் கீர்த்தியும் பாப்பாவும் சுகம்தானே, பாப்பாவுக்குச் சளி விட்டதா, ஏசியைக் குறைத்து வை என்றால் நீ கேட்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். போன் இருக்கும்போது ஆத்தா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். உன் அப்பச்சி எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் பேசினாலும் பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரை அழுத்திவிடுவார், நமக்குக் கேட்கிறதோ இல்லையோ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பங்காளிகளுக்கு நன்றாகக் கேட்கும். இந்த விஷயம் அவர் காதுக்குப் போகக் கூடாது. அதனால் கையால் எழுதி, விசாலியின் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். படிக்காமல் அனுப்பு என்பேன், படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், பரவாயில்லை.

விஷயம் வண்டி. வருகிற வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போய் விசாலிக்கு வண்டி புக் பண்ணுவதாக உன் அப்பச்சி நாள் பார்த்துவிட்டார். அதற்குள் நீ அவருக்கு ஒரு போன் செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று பின்னால் எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேள். தையில் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்ரீநிவாசன் காரைக்குடியில் ஆடிட்டர், நீ வீடியோவில் பார்த்தவர்தான், நாம் பேசினால் பதில் சொல்வார், பேசாவிட்டால் தொந்தரவு செய்ய மாட்டார், எனக்குப் பிடித்திருக்கிறது. சம்மந்திவீட்டார் இது வேண்டும் அது வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவில்லை. சம்மந்தி ஆச்சி, "நீங்க பாத்துச் செய்யிறதுதேன், நாங்க என்னத்தைக் கேக்கப் போறோம்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். கேட்டுத் தொலைத்திருந்தால்கூட ஒரு இடத்தில் நின்றிருக்கும். கேட்காததால் உன் அப்பச்சிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வெள்ளி, வெண்கலம், எவர்சில்வர் என்று ஏழு குடும்பம் சமைக்கிற அளவுக்குச் சாமான் வந்து இறங்கிவிட்டது, விசாலி காலையில் குடிப்பது ஒரு டம்ளர் காபி. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானையெல்லாம் கல்யாண வீட்டில் பரப்பி வைக்கிற நம் வழக்கம் உனக்குத் தெரியும், வருகிற பெண்டுகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லா இருக்கு என்பார்கள், படி இறங்கியதும் வேறு என்னவோ சொல்வார்கள். அந்தச் சாமானோடு வண்டியும் நிற்க வேண்டும், அதுவும் முகப்புப் படிக்கு நேர் எதிரே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று உன் அப்பச்சி முடிவு செய்தார். வண்டி கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. மாட்டு டாக்டராகிச் சிங்கம்புணரிப் பக்கம் வேலை வாங்கியவள், பஸ்ஸும் ஸ்கூட்டியுமாக ஊர் ஊராக அலைகிறாள், மழை பெய்தால் சேறும் சகதியுமாகத்தான் வீட்டுக்குள் வருகிறாள், அவளுக்கு அது தேவை. சண்டை எந்த வண்டி என்பதில்தான்.

உங்கள் பாஷையில் சொன்னால் ஒன்று ஃபுல் சைஸ் எஸ்யூவி, இன்னொன்று காம்பேக்ட் கிராஸ்ஓவர். எனக்கு ஒன்று பெரியது, ஒன்று சின்னது. விசாலி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சின்னதைத்தான் கேட்டாள். ஊருக்குள் சந்து சந்தாகப் போக வேண்டும், கண்மாய்க்கரையில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க வேண்டும், தொழுவத்துக்கு முன்னால் கிடைக்கிற இடத்தில் திருப்ப வேண்டும், சின்னது என்றாலும் அடிப்பக்கம் உயரம்தான், கல்லில் தட்டாது, பின்னால் மருந்துப் பெட்டியும் ஒரு கன்றுக்குட்டியும் தாராளமாக ஏறும் என்று எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள். கன்றுக்குட்டியை மனதில் வைத்து வண்டி பார்க்கிற கல்யாணப் பெண்ணை நம் ஊர் இப்போதுதான் காண்கிறது. உன் அப்பச்சியின் காரணம் வேறு. பெரியதில் ஏழு பேர் உட்காரலாம் என்றார். யார் அந்த ஏழு பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், விசாலி, மாப்பிள்ளை, சம்மந்தி இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், ஏழாவது ஆளுக்குக் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார், அப்புறம் பிறக்கப்போகிற பிள்ளை என்றார். எல்லோருமாகத் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு வரலாமாம். வருடத்துக்கு ஒரு நாள் பெருமாளைப் பார்ப்பதற்காக மற்ற நாளெல்லாம் என் மகள் ஆறு காலி சீட்டை இழுத்துக்கொண்டு மாடு பார்க்கப் போக வேண்டுமா? அதிலும் அந்த மூன்றாவது வரிசையில் யாரை உட்கார வைப்பது? மதுரையில் பார்க்கப் போனபோது நானே ஏறி உட்கார்ந்தேன், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே சம்மந்தி ஆச்சியை உட்கார வைத்தால் கோயில் வருவதற்குள் உறவு முறிந்துவிடும், என்னை உட்கார வைத்தால் திருப்பத்தூர் தாண்டுவதற்குள்ளேயே முறிந்துவிடும்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் யார் என்று நினைக்கிறாய்? நீதான். போன சித்திரையில் ஒரு படம் அனுப்பினாயே, லாரி உயரத்தில் ஒரு கறுப்பு வண்டி, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு கூலிங் கிளாஸும் நீயுமாக. அதை உன் அப்பச்சி போனைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, காரைக்குடியில் பழக்கடையிலிருந்து பாங்க் வரைக்கும் காட்டாத ஆள் இல்லை. "எம் மகன் அமெரிக்காவுல இதத்தேன் ஓட்டுறான், அங்கிட்டெல்லாம் இதுக்குக் கீழ யாரும் தொடவே மாட்டாக" என்று சொல்லிச் சொல்லி, மகனுக்கு அது என்றால் மகளுக்கு மட்டும் சின்னதா என்கிற இடத்தில் வந்து நிற்கிறார். நீயும் போனில், ஆமா அப்பச்சி, பெருசே எடுங்க, அதுதேன் சேஃப்டி என்றாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த வண்டி நீ மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தது என்றும், உன் வீட்டில் நிற்பது விசாலி கேட்கிற அளவு வண்டிதான் என்றும், அதையும் சரியாக நிறுத்தத் தெரியாமல் குப்பைத் தொட்டியை இடித்துக்கொண்டே இருக்கிறாய் என்றும் கீர்த்தி எப்போதோ என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பொய் சொல்லத் தெரியாத பெண், நம் வீட்டுக்கு வந்தும் கெடவில்லை.

இப்போது வாசலுக்கு வருகிறேன். நம் வீட்டு முன்வாசல் ஒரு காலத்தில் நல்ல அகலம். உன் அப்பச்சியைப் பெற்ற ஐயா காலத்தில் பாகம் பிரித்தபோது அறையைப் பிரித்தார்கள், அண்டாவைப் பிரித்தார்கள், ஒருவருக்கும் குறை வரக் கூடாது என்று கடைசியில் வாசலையும் சரிபாதியாகப் பிரித்து, நட்ட நடுவில் தூண் எழுப்பி, தூணிலிருந்து உள்ளே பன்னிரண்டு அடிக்கு ஒரு சுவரையும் இழுத்துவிட்டார்கள், இந்தப் பாதி நமக்கு, அந்தப் பாதி வள்ளியப்பன் சித்தப்பா வீட்டுக்கு. வாசலைப் பாகம் பிரித்தவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம். நம் பாதியில் ஒரு பக்கம் இந்தச் சுவர், மறுபக்கம் பழைய காவல்காரர் அறையின் சுவர், அந்தச் சந்து வழியைத் தாண்டினால்தான் முற்றமும் முகப்பும். உன் அப்பச்சி இன்ச் டேப்போடு போய்ச் சந்தின் அகலத்தை அளந்தார், வண்டிக்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் வண்டியின் அகலத்தைப் பார்த்தார், நாலு விரல் மிச்சம் இருக்கிறது, தாராளம் என்றார். புத்தகத்தில் போட்டிருப்பது பக்கத்துக் கண்ணாடிகளைச் சேர்க்காத அகலம் என்று விசாலி சொன்னாள். "கண்ணாடிய மடக்கிக்கிட்டாப் போச்சு, இதை எனக்குச் சொல்லித் தாரியாக்கும்" என்று அவளை அடக்கிவிட்டார்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சம்மந்திவீட்டார் சீர்முறை பேசவும் சாப்பிடவும் வருவதாக இருந்தது. அவர்கள் வந்து இறங்கும்போதே பெரிய வண்டி முகப்புக்கு எதிரே நிற்க வேண்டும் என்று உன் அப்பச்சி மதுரையிலிருந்து ஓட்டிப் பார்க்கிற வண்டியை வரவழைத்திருந்தார், கூடவே டை கட்டிய ஒருவர் வந்தார். என் வீட்டு வாசல் எனக்குத் தெரியாதா, நானே ஏத்துறேன் என்று டை கட்டியவரைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு உன் அப்பச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் முகப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு நுழைந்தது. கதவுகளும் நுழைந்தன. அப்புறம் கொஞ்சம் கோணலாகத் திரும்பியதோ என்னவோ, கரகரவென்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, இரண்டு பக்கமும் கதவைத் திறக்க இடமில்லை. உள்ளே இரண்டு பேரும் மீன்தொட்டியில் இருப்பது போல வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளியப்பன் சித்தப்பா ஓடி வந்தார், உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்கவில்லை, சுவரைத் தடவிப் பார்த்தார், "எங்க பாதிச் சுண்ணாம்பு பேந்து போச்சே" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சம்மந்திவீட்டார் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நம் பாதி அடைத்துக்கிடந்ததால் சித்தப்பாவின் பாதி வழியாக அவர்களை அழைத்து வர வேண்டியதாயிற்று, சித்தப்பா என்னமோ தன் வீட்டுக்குச் சம்மந்தம் பேச வந்தது போல, "வாங்க வாங்க, இங்கிட்டு வாங்க, நல்லா இருக்கீகளா" என்று பல்லெல்லாம் தெரிய நின்றார். "மாப்பிள்ளையே வந்துட்டாருல்ல, அவரை எடுக்கச் சொல்லுங்க" என்று யோசனையும் சொன்னார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க" என்றார். கற்றுக்கொள்ளப் போய் முதல் வாரமே டிரைவிங் ஸ்கூல் காரைக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டாராம், அதிலிருந்து பஸ்தானாம். யாருடைய மதிப்புக்காக உன் அப்பச்சி இந்த வண்டியைத் தேடித் தேடிப் பிடித்தாரோ அவருக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம்.

விசாலி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள். பின்கதவைத் திறக்கிற பட்டனை அமுக்குங்க என்று சாடை காட்டினாள், டை கட்டியவர் அமுக்கினார், பின்னால் கதவு மேலே எழும்பியது. சித்தப்பா பாதி வழியாகச் சுற்றிப் போய் அதில் ஏறி, மூன்றாவது வரிசையைத் தாண்டி, இரண்டாவது வரிசையைத் தாண்டி முன்னால் போனாள், "அப்பச்சி, பின்னால வாங்க" என்றாள். உன் அப்பச்சி வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு சீட்டுக்கு நடுவில் தவழ்ந்து வந்தார், முழங்கை சிராய்த்தது அப்போதுதான், முற்றத்தில் நின்ற சம்மந்திவீட்டாருக்கு முன்கண்ணாடி வழியாக முதலில் தரிசனமானது அவருடைய பின்பக்கம். மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால் போய் நின்று வரலாம் வரலாம் என்று கை காட்டினார், ஓட்டத் தெரியாதவர் சொல்கிற வரலாமை அவள் கண்டுகொள்ளவில்லை, ஆனால் அவர் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று இருபது நிமிஷம் போராடி என் மகள் அந்த யானையை வெளியே எடுத்துவிட்டாள். நான் சம்மந்தி ஆச்சியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவர்கள், "எங்க வீட்டுல ஒருத்தருக்காச்சும் வண்டி ஓட்டத் தெரிஞ்சாச் சரி, வாங்க சாப்புடுவோம்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதோடு உன் அப்பச்சிக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறாய். சாப்பிட்டுக் கை கழுவும்போதே, வண்டி பெருசில்ல, வாசல்தேன் சின்னது என்று சொல்லிவிட்டார். சுவரை இடிப்பது பற்றிச் சித்தப்பாவிடம் பேச்சு நடக்கிறது, அது இந்தத் தலைமுறையில் முடியாது. அடுத்து இன்னொன்று கண்டுபிடித்தார், "மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாதா, அப்ப ஒரு டிரைவரப் போட்டுருவோம், டிரைவர் வச்ச வண்டின்னா பெருசாத்தேன் இருக்கணும்" என்றார். சந்துக்குள் மாட்டிய வண்டியை இருபது நிமிஷத்தில் எடுத்தவள் எதிரே நிற்கிறாள், அவளுக்கு டிரைவர். நேற்றுக் காலை விசாலி அடுப்படிக்கு வந்து, டிரைவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மாடு கன்று போடாமல் காத்திருக்குமா என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "அந்த வண்டி வந்தா முகப்புலயே நிக்கட்டும் ஆத்தா, நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றாள், செய்யக்கூடியவள். போகிற போக்கில், உங்களுக்குக் கல்யாணத்துக்குக் குடுத்த காரை நீங்க ஓட்டியிருக்கீகளா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வெள்ளைக் கார் உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். என் அப்பச்சி எனக்குச் சாமானோடு வைத்தது, ஆர்சி புத்தகத்தில் என் பெயர். பதினோரு வருடம் நம் வீட்டில் ஓடியது. உன் அப்பச்சி ஓட்டினார், சித்தப்பா ஓட்டினார், யாரோ ஒரு சமையல்காரர்கூட ஒரு தடவை ஓட்டிக் கதவை நெளித்தார். நான் மடியில் உன்னையும் தூக்குவாளியையும் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடப்பேன். ஓட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தோன்றியது. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. விற்கிற அன்றைக்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று அடுப்படிக்கே வந்து பாரத்தை நீட்டினார்கள், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். அந்தக் காருக்கு உரிமைக்காரியாக நான் செய்த காரியம் அது ஒன்றுதான். இதை எழுதும்போது எனக்குக் கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை, என் மேலும்தான்.

உன் அப்பச்சி கெட்டவர் இல்லை. போகிற இடத்தில் தன் பெண்ணை யாரும் குறைத்துப் பார்த்துவிடக் கூடாது என்று அவருக்குப் பயம், அந்தப் பயம்தான் இவ்வளவு பெரிய வண்டியாக வந்து நிற்கிறது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவளைப் பிரிகிற நினைப்பு வேறு. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அவர் நீ சொன்னால் கேட்பார், ஏன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமைக்குள் போன் செய். அந்தப் படத்தில் இருப்பது வாடகை வண்டி என்று சொல், நீ ஓட்டுவது சின்னதுதான் என்று சொல், அவள் ஓட்டப்போகிற வண்டியை அவளே எடுக்கட்டும் என்று சொல். ஸ்பீக்கரில்தான் இருக்கும், பங்காளிகளும் கேட்பார்கள், கேட்கட்டும். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், ஊரெல்லாம் படம் காட்டிய அவருக்கு உன்னைவிட அதிகமாக இருக்கும், இரண்டு பேரும் தாங்குவீர்கள்.

மற்றபடி பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல், கீர்த்தி கேட்ட சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கல்யாணத்துக்கு வரும்போது தருகிறேன், டிக்கெட்டை இப்போதே போட்டு வை, கடைசி நேரத்தில் லீவு இல்லை என்கிற கதையெல்லாம் வேண்டாம். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்க வேண்டும், குப்பைத் தொட்டியும் பத்திரமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ பேசாவிட்டால் நான் பேசுவேன். முப்பத்தெட்டு வருடத்தில் உன் அப்பச்சியிடம் நான் முடியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதல் தடவை சொல்வது மதுரையில், டை கட்டிய பத்துப் பேர் முன்னால் ஆகிவிட வேண்டாமே என்றுதான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன், அவர் பாவம். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போகிறேன், கட்டிக்கொள்ளச் சேலை எடுத்து வைத்துவிட்டேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் ஆத்தா
சிட்டாள்